ஆள் மண்டபத்தில் இல்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக பரிசுக் குலுக்கலான ராஃபிளின் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். சட்டத்தை நீங்கள் அரசாங்க இணையத்தளத்திலேயே வாசிக்கலாம். நான் சொல்வதைவிட அது தெளிவாக இருக்கும். பரிசுகளின் பெறுமதி எவ்வளவுக்கு மேல் போனால் அனுமதி எடுக்க வேண்டும், விற்ற காசில் எவ்வளவு பங்கு தொண்டுக்குப் போய்ச் சேர வேண்டும், எந்தெந்தப் பொருட்களைப் பரிசாக வைக்கக் கூடாது, பதிவுகளை எவ்வளவு காலம் பாதுகாக்க வேண்டும், எல்லாம் அங்கே இருக்கின்றன. அவை மாறிக்கொண்டும் இருக்கும். ஆகவே நான் மனப்பாடமாகச் சொன்னாலும் நம்பாமல், ஒவ்வொரு முறையும் போய்ப் பாருங்கள்.

நான் எழுதப்போவது அங்கே இல்லாத ஒன்று. மேற்குச் சிட்னியில் நமது இந்த முதியோர் நலச் சங்கத்தில் பல வருடம் சட்டதிட்டம் பார்க்கிற மனிதனாக இருந்தேன். அந்த வேலையில் இருப்பவனை எவரும் ஆசையோடு தேடி வருவதில்லை. இதைச் செய்ய முடியாது, அதைச் செய்யக் கூடாது என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். போதாக்குறைக்கு நான் தனிக்கட்டை. நமது இராப்போசன விழாக்களில் பத்துக் கதிரை போட்ட மேசைகளைக் குடும்பங்கள் முழுசாக வாங்கிவிடும். குடும்பம் இல்லாதவர்களைச் சேர்த்துக் குசினிக் கதவடியில் ஒரு மேசையில் இருத்துவார்கள். மிஞ்சின மேசை என்று அதற்கு நான் பெயர் வைத்திருந்தேன். கறிச்சட்டி போகும்போதும் வரும்போதும் கதவு முதுகில் இடிக்கும். இந்தக் கதை அந்த மேசையிலிருந்துதான் தொடங்குகிறது.

அதற்கு முன் ஒரு சின்னத் தவறைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். ஒருமுறை மெல்பேர்னில் இருந்த ஒரு சங்கத்தார் எங்கள் டிக்கெட் நன்றாக இருக்கிறது என்று அதை அப்படியே பார்த்து அச்சடித்துவிட்டார்கள். சங்கத்தின் பெயரை மட்டும் மாற்றினார்கள். பின்பக்கத்தில் இருந்த சிட்னி விதிகள் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தன. விற்பனை தொடங்கிய பிறகு பெருமையோடு எனக்கு ஒன்று அனுப்பினார்கள். ஒரே நாடு, ஒரே காசு, ஒரே சனம் என்பது உண்மைதான். ஆனால் மாநில எல்லை தாண்டினால் ராஃபிளுக்கு விதி வேறு, அனுமதி கேட்கிற இடமும் வேறு. நிறுத்துங்கள் என்று சொல்ல நான் தொலைபேசி எடுத்தேன். அன்றைக்கு அவர்கள் எனக்குச் சொன்ன நன்றியை இங்கே எழுத முடியாது. மற்றவரின் டிக்கெட்டை ஒருநாளும் பிரதி எடுக்காதீர்கள்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர், எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்த ஒரு வெள்ளைக்கார மனுசி. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சட்டப் புத்தகத்தை என் முன்னால் வைத்துவிட்டு, இதில் இருப்பதெல்லாம் குலுக்கலுக்கு வராத ஆளைப் பற்றித்தான் என்றார். எனக்கு விளங்கவில்லை. வந்தவர்களுக்குக் கத்த வாய் இருக்கிறது, மேடைக்கு ஏறக் கால் இருக்கிறது, வராதவருக்கு அந்த மண்டபத்தில் நீ ஒருவன்தான் இருக்கிறாய் என்று விளக்கினார். அழகாகச் சொல்கிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அது எவ்வளவு பாரமான வேலை என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் சங்கம் ஒரு சிறிய பஸ் வாங்க நினைத்தது. கார் ஓட்டாத, நடக்க ஏலாத முதியவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, வைத்தியரிடமோ கோயிலுக்கோ நமது விழாக்களுக்கோ கொண்டுபோய், திரும்ப வாசலில் இறக்கிவிடுகிற பஸ். அதற்கு ஒரு ராஃபிள். முதற்பரிசை ஹரிஸ் பார்க்கில் உணவகம் நடத்தும் ஒரு தமிழ்நாட்டுக்காரர் தந்திருந்தார். பத்துப் பேருக்குத் தனி அறையில் தலைவாழை விருந்து. அந்தக் கடையில் சனிக்கிழமை இரவு இரண்டு பேருக்கு இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஆகவே இரண்டாம், மூன்றாம் பரிசுகளை எவரும் கவனிக்கவில்லை. நார்த்மீட்டிலிருந்து டூங்கபி வரை நமது புறநகர்களில் எல்லோரும் அந்த விருந்தை மனதில் வைத்துத்தான் டிக்கெட் வாங்கினார்கள்.

விழா இரவில் பிரதம விருந்தினர் குலுக்கல் உருளைக்குள் கைவிட்டு, வாங்கியவர் பெயர் எழுதிய ஒரு டிக்கெட் அடிக்கட்டையை எடுத்தார். சங்கத் தலைவர் ஒலிவாங்கியில் வாசித்தார்.

“பிலோமினா சூசைதாசன், டூங்கபி.”

எவரும் எழும்பவில்லை. தலைவர் இன்னொரு முறை வாசித்தார். எல்லோரும் கழுத்தை வளைத்துப் பக்கத்து மேசைகளைப் பார்த்தார்கள். பிறகு நடுவில் இருந்து ஒரு குரல் வந்தது.

“ஆள் இல்லை, திரும்ப எடுங்கோ.”

உடனே நாலு பக்கமும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். விளையாட்டுக் கழகத்திலும் கோயில் மண்டபத்திலும் பொங்கல் விழாவிலும் நாங்கள் அப்படித்தான் பழகியிருக்கிறோம். குழந்தை குட்டியோடு வந்து, பேச்சுகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு இருந்தவனுக்குத்தானே பரிசு, வீட்டில் படுத்திருந்தவனுக்கு என்ன பரிசு என்பது நமது நியாயம். வேறு எந்தச் சமூகத்தின் மண்டபத்திலும் இவ்வளவு வெள்ளை மனதோடு இந்தப் பிழையைச் செய்யமாட்டார்கள்.

தலைவரும் நல்ல மனிதர். சனத்தைச் சந்தோசப்படுத்த வேண்டும் என்று நினைக்கிறவர். “சரி, அப்ப இன்னொண்டு எடுப்பம்” என்றார். பிரதம விருந்தினரின் கை திரும்ப உருளைக்குள் போகத் தொடங்கியது.

நான் மிஞ்சின மேசையிலிருந்து எழும்பினேன். மண்டபத்தின் பின்கோடியிலிருந்து மேடை வரை நடக்க வேண்டும். ஓடினால் ஏதோ களவு நடந்தமாதிரி இருக்கும். மெல்லப் போனால் இரண்டாவது அடிக்கட்டை வெளியே வந்துவிடும். இன்னொரு பெயரை வாசித்துவிட்டால், இரண்டு பேர் ஒரே பரிசுக்கு உரிமை கேட்பார்கள். அதன் பிறகு எந்தச் சட்டத்தாலும் அதை அழகாக அவிழ்க்க முடியாது. வேகமாக நடந்தேன். மேடையில் ஏறி, உருளையின் வாயை என் கையால் மூடினேன். பிரதம விருந்தினர் தன் கையை எடுத்துக்கொண்டார்.

முதலில் தலைவரின் காதுக்குள்தான் சொன்னேன். வெற்றி பெற்றவர் வந்திருக்க வேண்டும் என்று டிக்கெட்டில் அச்சடிக்கவில்லை, ஆகவே திரும்ப எடுக்க முடியாது என்றேன். அவர் சிரித்த முகத்தை மாற்றாமல், “சனம் கேக்குது, பாருங்கோவன்” என்றார். அதற்குப் பிறகுதான் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன்.

“இது அந்த அம்மான்ர பரிசு. திரும்ப எடுக்கேலாது.”

அப்போதும் ஒருவர் விடவில்லை. பரிசு வேண்டுமென்றால் அந்த அம்மா வந்திருக்கலாம்தானே என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவது குறைவு, வந்தால் குரல் இறங்கிப்போகும்.

“எதிலை வாறது? அதுக்குத்தானே பஸ் வாங்க டிக்கெட் வித்தனாங்கள்.”

ஒருவரும் கைதட்டவில்லை. தலைவர் ஒலிவாங்கியை என்னிடமிருந்து வாங்கி இரண்டாம் பரிசுக்குப் போனார். நான் திரும்பி என் மேசைக்கு வந்தபோது, நான் போய்விட்டேன் என்று நினைத்து என் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். நியாயத்தைச் சொன்னவனுக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும் என்பார்கள். எனக்கு வெட்கமாகவும் பசியாகவும் இருந்தது. மேசையில் இருந்த மற்றவர்கள் என்னோடு பேசாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் போலத் தனியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

இதில் நீங்கள் எடுக்க வேண்டியது, நான் பெரிய வீரன் என்பதல்ல. எப்போதாவது மண்டபத்தில் குலுக்கினால், குலுக்கலுக்கு முன்பே ஒலிவாங்கியில் சொல்லிவிடுங்கள், வராதவருக்கும் பரிசு உண்டு, திரும்ப எடுக்கமாட்டோம் என்று. முன்கூட்டிச் சொன்னால் அது விதி. பிறகு சொன்னால் சண்டை.

அடுத்த வேலை, வெற்றி பெற்றவருக்கு அறிவிப்பது. எழுதும்போது சுலபமாக இருக்கிறது. திங்கட்கிழமை காலை அடிக்கட்டையில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். வயதான பெண்குரல். இயன்றளவு மகிழ்ச்சியான குரலில் பேசினேன்.

“வாழ்த்துகள் அன்ரி. உங்களுக்கு முதற்பரிசு விழுந்திருக்கு.”

“சந்தோசம் தம்பி. வேற வீடு பாருங்கோ.”

வைத்துவிட்டார். இரண்டாம் முறை அழைத்தபோது எடுக்கவே இல்லை. யோசித்துப் பாருங்கள். தெரியாத ஆள் அழைத்து, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்றால், அது இந்தக் காலத்தில் யார்? களவெடுக்கிறவன். நான் உண்மையைத்தான் பேசினேன், ஆனால் ஒவ்வொரு சொல்லும் பொய்க்காரனுடைய சொல்லாக இருந்தது. அடிக்கட்டையில் இருந்த விலாசத்துக்குச் சங்கத்தின் பெயர் போட்டுக் கடிதம் அனுப்பினேன். அதற்குப் பதில் மெல்பேர்னில் இருந்து வந்தது. அவருடைய மகன் அழைத்து, ஆங்கிலத்தில், தன் தாயைத் தொந்தரவு செய்தால் பொலிசுக்குப் போவேன் என்றார். நான் விளக்க முன்பே முடித்துவிட்டார். தாயை நன்றாகத்தான் காவல் காத்தார், மெல்பேர்னில் இருந்துகொண்டு.

இதற்கிடையில் தலைவரும் அழைத்தார். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது.

“அவ தனிமனுசி எண்டு கேள்வி. பத்துப் பேற்ற சாப்பாட்டை வைச்சு என்ன செய்யப்போறா? பெரிய மனசு பண்ணித் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கோ. ஏலம் விட்டா பஸ்ஸுக்கு ஆகும்.”

இது நமது இன்னொரு வழக்கம். பரிசு விழுந்தவர் மேடையிலேயே அதைச் சங்கத்துக்குத் திருப்பிக் கொடுப்பார், எல்லோரும் எழும்பிக் கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள். அவராக விரும்பிக் கொடுத்தால் அழகுதான். ஆனால் நாங்கள் போய்க் கேட்பது வேறு. பரிசை எங்கள் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழவியிடம் தயவாகக் கேட்டால், அவர் வேறு என்ன சொல்ல முடியும்? முதலில் அவர் கையில் கொடுக்கிறேன், கேட்பதைப் பற்றிப் பிறகு யோசிப்போம் என்றேன். தலைவருக்குப் பிடிக்கவில்லை. பரிசை எடுப்பதற்கான கடைசித் திகதி டிக்கெட்டில் இருக்கிறது என்பதை மட்டும் நினைவுபடுத்தினார். அதுவும் சரிதான். அந்தத் திகதி தாண்டினால், இது அந்த அம்மாவின் பரிசு என்று நான் எந்த மேடையிலும் சொல்ல முடியாது. ஒரு மண்டபத்தையே பகைத்துக் காப்பாற்றிய பரிசை, அந்த அம்மா என்னை நம்பாத காரணத்தால் இழக்கப்போகிறார் என்று எனக்கு நித்திரை வரவில்லை.

எந்த டிக்கெட் புத்தகம் எவர் கையில் போனது என்று பதிந்து வைக்கும்படி டிக்கெட் விற்பவர்களை நான் ஓயாமல் கரைச்சல்படுத்துவேன் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரிந்த முகம் ஒன்றைத் தேடியபோதுதான் அதன் பயன் தெரிந்தது. அந்தப் புத்தகத்தை ஷாமினி என்ற ஆஸ்பத்திரித் தாதிப் பெண் டூங்கபிப் பக்கம் ஒரு தேவாலய வாசலில் நின்று விற்றிருந்தார். பெயரைச் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. நீல நிறக் குடையோடு தனியாக வருவா, எப்போதும் கடைசியாகத்தான் வெளியே வருவா என்றார். இரவு வேலை முடிந்த கையோடு என்னோடு வருவதாகச் சொன்னார்.

புகையிரதப் பாதைக்குப் பக்கத்தில் பழைய செங்கல் மாடிக் குடியிருப்பு. நான் கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். அதுவே ஒரு பிழை. வலைக்கதவுக்கு அப்பால் நிழல் மட்டும் தெரிந்தது. நான் வாயைத் திறக்க முன் ஷாமினி முன்னே போனார்.

“அன்ரி, நான் ஷாமினி. சேர்ச் வாசலிலை டிக்கெட் எழுதித் தந்தனான்.”

கதவு திறந்தது. மன்னார்ப் பக்கத்து மனுசி. நானும் அந்தக் கரைதான் என்றதும் என் கழுத்துப்பட்டியை மன்னித்துவிட்டார். நாங்கள் ஆர், என்ன குலுக்கல், ஏன் அழைத்தோம் என்று ஷாமினி பொறுமையாகச் சொன்னார். டிக்கெட் அந்தோனியார் சுருவத்தின், அந்தச் சின்னச் சிலையின், அடியில் இருந்தது. எடுத்துவந்து என் கையில் தராமல், தன் கையிலேயே வைத்துக்கொண்டு இலக்கத்தைக் காட்டினார். நல்ல வழக்கம். சரிபார்த்தேன். பரிசுச் சீட்டை அவர் கையில் கொடுத்தேன், கையெழுத்து வாங்கினேன். திருப்பித் தருகிறீர்களா என்று கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அவர் சீட்டை வாசித்துவிட்டுச் சிரித்தார். பத்துப் பேருக்கு நான் எங்கே போக என்றார். பிறகு, என்னைக் கவலைப்படுத்திவிட்டோமோ என்று நினைத்தவர் போலச் சொன்னார்:

“பரிசுக்கு வாங்கேல்லைத் தம்பி. இந்தப் பிள்ளை என்ர பேரைக் கேட்டு முழுசா எழுதும். எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கோ அன்ரி எண்டு கேக்கும். இங்க வேற ஆர் என்ர பேரைக் கேக்கினம்? அன்ரி எண்டுவினம், அம்மா எண்டுவினம், மருந்துக்கடையிலை பிறந்த திகதியைக் கேப்பினம்.”

ஷாமினி யன்னலுக்கு வெளியே பார்த்தார். ராஃபிள் டிக்கெட்டில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எதற்காக எழுதுகிறோம் என்று என்னைக் கேட்டிருந்தால், வெற்றி பெற்றவரைத் தேடிப் பிடிக்க என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். அவ்வளவு காலம் அதைத்தான் எல்லோருக்கும் படிப்பித்தேன்.

சில கிழமைகள் கழித்து அவரே என்னை அழைத்தார். விருந்துக்கு நாள் வைத்துவிட்டாராம், நானும் வர வேண்டுமாம், கூட்டிக்கொண்டு வர ஆரும் இருந்தால் கூட்டிக்கொண்டு வரட்டாம். எனக்கு அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பார்க்கிறேன் அன்ரி என்றேன்.

போனபோது தனி அறையில் பத்துக் கதிரை, பத்து வாழையிலை. அவர் நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார். ஷாமினி வேலைச் சட்டையோடு வந்திருந்தார். மகனுக்கு அலுவலகத்தில் அவசர வேலையாம். தேவாலயத்தில் இரண்டு குடும்பங்கள் பாப்பம் என்று சொன்னவையாம். நமது ஆட்கள் பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சீன மனுசிக்குச் சுகமில்லையாம். நாங்கள் காத்திருந்தோம். வெளியே மற்ற மேசைகளில் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. கடைசியில் உணவகக்காரர் வந்து கதவடியில் நின்றார். அவரும் சங்கடப்பட்டுத்தான் கேட்டார்.

“அம்மா, சின்ன மேசைக்கு மாத்திடட்டுமா? மூணு பேரும் பக்கத்துல உக்காந்து சாப்பிடலாம்.”

“வேண்டாம் தம்பி. பத்து எண்டுதானே எனக்கு விழுந்தது. பத்துக் கதிரையும் இருக்கட்டும்.”

அவர் சரிங்கம்மா என்றார். பிறகு பத்துக் குவளையிலும் தண்ணீர் ஊற்றினார், ஒன்றையும் விடாமல். அந்த மனிதரை நான் அதற்காக என்றைக்கும் மதிப்பேன். அன்ரி எங்களை மூன்று பேரும் ஒரு பக்கமாக இருக்க விடவில்லை. என்னை ஒரு கோடியிலும் ஷாமினியை நடுவிலும் இருத்தி, தான் தலைப்பக்கத்தில் இருந்தார். அப்படி இருந்தால் மேசை நிறைந்தமாதிரி இருக்கும் என்று நினைத்திருக்கலாம். எனக்குப் பக்கத்துக் கதிரையைக் காட்டி, அது மகனுடையது என்றார். மற்றக் கதிரைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நண்டுக் கறி நன்றாக இருந்தது. மன்னாரில் எந்தக் கடற்கரையில் நண்டு ருசி என்று வாதாடினோம். அவர் வென்றார். மிச்சச் சாப்பாட்டை உணவகக்காரர் பெட்டி பெட்டியாகக் கட்டி என் காரில் ஏற்றினார். அன்ரியையும் பெட்டிகளையும் டூங்கபியில் இறக்கிவிட்டேன்.

நான் சட்டம் பார்க்கிறவன். பரிசு பெற்றவர் தந்த விருந்தில் நானே சாப்பிட்டதால், அடுத்த நாள் அலுவலக அன்பளிப்புப் பதிவில் விருந்து என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நீங்களும் எழுத வேண்டும். தலைவரும் அதை வாசித்தார். அடுத்த வருட விழாவுக்கு எனக்கு அழைப்பு வந்தது, மேசை இலக்கம் வரவில்லை. நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

பஸ் பிறகு வந்துவிட்டது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் ஓய்வு பெற்ற வருடம் ராஃபிள் முழுவதும் இணையத்துக்குப் போயிற்று. கைபேசியில் ஒரு கட்டத்தைப் படம் பிடித்தால் டிக்கெட் வந்துவிடும், கணினி குலுக்கும், வென்றவருக்குத் தானே செய்தி போகும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடிக்கட்டை தொலையாது, கையெழுத்து விளங்காமல் போகாது, ஆள் இல்லை என்று கத்த மண்டபமும் இல்லை. நானே இருந்திருந்தாலும் அதைத்தான் சிபாரிசு செய்திருப்பேன். ஷாமினியும் வேலை மாறி மெல்பேர்னுக்குப் போய்விட்டார்.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்டேன், ஞாபகம் இருக்கும். அதே இலக்க வரிசையில் ஒரேயொரு காகித டிக்கெட் புத்தகம் அடித்துத் தாருங்கள், விற்ற ஒவ்வொரு டிக்கெட்டையும் அன்றைக்கே நான் கணினியில் ஏற்றுகிறேன், மற்ற டிக்கெட்டுகளுக்கு இருக்கிற வாய்ப்பு அவற்றுக்கும் இருக்கும், விதியில் ஒரு மயிரிழை பிசகாது என்றேன். கிழவனுக்குப் பழைய காலத்தை விட மனமில்லை என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. கோபமில்லை. அந்தப் புத்தகம் எதற்கு என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் அடித்துத் தந்த அந்தப் புத்தகத்தோடு அந்தத் தேவாலய வாசலில் நின்றேன். எல்லோரும் போனபிறகு நீலக் குடையோடு அவர் வந்தார். நான் டிக்கெட் விற்பதைப் பார்த்துக் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். அந்தச் சாப்பாடெல்லாம் என்ன ஆயிற்று என்று அவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்டேன்.

“குளிர்ப்பெட்டியிலை வைச்சுச் சாப்பிட்டன். மிச்ச ஏழு பேரும் நான்தான் தம்பி. ஒவ்வொரு நாளைக்கு ஒராளா வந்து போச்சினம்.”

சிரித்தார், நானும் சிரித்தேன். ஒரு டிக்கெட் என்று காசை நீட்டினார். நான் புத்தகத்தைக் கையில் விரித்துப் பேனாவைத் திறந்தேன். அவருடைய பெயரும் விலாசமும் தொலைபேசி இலக்கமும் எனக்கு மனப்பாடம். அது அவருக்கும் தெரியும்.

“பேரைச் சொல்லுங்கோ அன்ரி.”

குடையைச் சுவரில் சாத்திவைத்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

“பிலோமினா. பிலோமினா சூசைதாசன்.”

“எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கோ.”

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாக எழுதினேன்.